மறு: ரோஜா அத்தர் – சந்தன எண்ணெய்க்கு ‘கரைப்பான்’ சரியா?

எல்லாருக்கும் வணக்கம்.

அத்தர் தொழிலுக்கு தமிழ்ச் சொல்பட்டியல் போடுற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். முதல்ல ‘அத்தர்’ங்கிற சொல்லை தயவுசெஞ்சு மாத்த வேணாம். அரபு ‘இத்ர்’ல இருந்து வந்ததுதான், ஆனா கடையில போய் அத்தர் குடுங்கன்னா ஆல்கஹால் கலக்காத எண்ணெய்தான் எடுத்து வைப்பாங்க, ஸ்ப்ரே வராது, அவ்வளவு துல்லியமா ஒரு சொல் புழக்கத்துல இருக்கும்போது ‘நறுநெய்’னு போட்டா படிக்கிறவங்களுக்கு பசுநெய்தான் ஞாபகம் வரும். ‘வாசனைத் திரவியம்’ எல்லாத்துக்கும் பொதுவான பேர்.

எனக்கு உறுத்துறது வேற இடம், பட்டியல்ல சந்தன எண்ணெய்க்கு ‘கரைப்பான்’னு (சால்வென்ட்) போட்டிருக்கிறது.

> ரோஜா மணத்தை கரைச்சு வச்சுக்கிறது சந்தன எண்ணெய்தானே ஐயா, அப்ப கரைப்பான்னு எழுதினா என்ன தப்பு?

வேதியியல்படி கரையுதுங்கிறது உண்மைதான் தம்பி. ஆனா கரைப்பான்னு எழுதினா படிக்கிறவர் மனசுல ஆல்கஹால் வந்து உக்காந்துரும். ஆல்கஹால் 78 டிகிரியில கொதிக்கிற சரக்கு, தோல்ல பட்டதும் பறந்துரும், மணம் மட்டும் மிஞ்சும். அத்தர்ல நடக்கிறது நேர் எதிர். சந்தன எண்ணெய்ல பெரும்பகுதி சாண்டலால்ங்கிற மணப்பொருள், சந்தன எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 3518 தரத்துல அதோட ரெண்டு வகையில ஆல்ஃபா சாண்டலால் 41–55%, பீட்டா 16–24% இருக்கணும்னே வச்சிருக்காங்க, சாண்டலாலோட கொதிநிலை 300 டிகிரி பக்கம். அதனால ரோஜாதான் முதல்ல போகும், சந்தனம் கடைசி வரைக்கும் நிக்கும், போற ரோஜாவையும் பிடிச்சு பிடிச்சு மெதுவா விடும்.

கன்னோஜ்ல (உத்தரப்பிரதேசம், 2014ல புவிசார் குறியீடு வாங்கின ஊர்) இதை எப்படி இறக்குறாங்கன்னு ஒரு தடவை பக்கத்துல நின்னு பார்த்தேன். ‘தேக்’னு பெரிய செம்புப் பானை, அதுல பன்னீர் ரோஜாவும் தண்ணியும், மூடியை பஞ்சும் களிமண்ணும் குழைச்சு அப்பி அடைச்சிருந்தாங்க, அடியில விறகு. அதுல இருந்து கயிறு சுத்தின மூங்கில் குழாய் சரிஞ்சு இறங்கி தண்ணித்தொட்டியில உக்காந்திருக்கிற ‘பப்கா’ங்கிற நீளக்கழுத்து செம்புக் கலத்துக்குள்ள போகுது. அந்த கலத்துக்குள்ள முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊத்தி வச்சிருக்காங்க, இதுதான் விஷயமே. ரோஜாவை தனியா வடிச்சு அப்புறம் சந்தனத்துல கலக்கிறதில்ல, ஆவி குளிர்ந்து விழுறதே சந்தனத்து மேலதான். வேலை செய்யறவர் கையை தண்ணிக்குள்ள விட்டு கலத்தோட வயித்தை தடவிப் பார்ப்பார், சூடு ஏறிருச்சுன்னா கலத்தை மாத்திட்டு பானை மேல ஈரத்துணியால தேய்ப்பார், தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. ஆறினதும் எண்ணெய் மேல மிதக்கும், அடியில நிக்கிற தண்ணியை மட்டும் வடிச்சு திரும்ப பானையிலேயே ஊத்திட்டு மறுநாள் புதுப் பூ போடுவாங்க, எண்ணெய் மட்டும் அதே எண்ணெய். பல நாள் இப்படியே போகும்.

இதைப் பார்த்த பிறகு எனக்கு தோணின சொல் ஏந்தெண்ணெய். பிரசாதத்துக்கு கை ஏந்துற மாதிரி அந்த எண்ணெய் கீழ இருந்து மணத்தை ஏந்துது. பப்காவுக்கு ஏந்துகலம்னு வச்சா ரெண்டும் ஜோடியா நிக்கும்.

> சிலப்பதிகாரத்துல ‘ஐந்து விரை’ வருதே, சந்தனமும் அதுல ஒண்ணு, ‘விரை எண்ணெய்’ போடலாமே

ரொம்ப அழகான சொல்தான், எனக்கும் ஆசைதான். ஆனா இன்னைக்கு விரைன்னா பாதிப் பேர் விதைன்னுதான் படிப்பாங்க, விரை எண்ணெய் வித்து எண்ணெய் ஆயிரும்.

பேர்ல ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேட்டா, போன வருஷம் ஒரு கடையில சந்தன ரோஜா அத்தர்னு 10 மில்லி வாங்கினேன். மணிக்கட்டுல தொட்ட உடனே ஆளைத் தூக்கிச்சு, அரைமணி நேரத்துல மணம் ஓடிப்போச்சு, தோல்ல பிசுபிசுன்னு எண்ணெய் மட்டும் நின்னுச்சு. சந்தன விலை ஏறினதுல இருந்து லிக்விட் பாரஃபினை (பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற மணமில்லாத எண்ணெய்) அடியில வச்சு விக்கிறது சாதாரணம் ஆயிருச்சு. கரைப்பான்னு எழுதினா எதை ஊத்தினாலும் சரிங்கிற மாதிரி ஆகுது. ஏந்தெண்ணெய்னு தனியா ஒரு சொல் இருந்தா, “இதுல ஏந்தெண்ணெய் சந்தனமா பாரஃபினா?”ன்னு ஒருத்தர் கடையில கேக்கலாம்.

மத்ததுக்கெல்லாம் புதுசா யோசிக்கவே வேணாம். வடிக்கிற அமைப்புக்கு சித்த வைத்தியத்துல ‘வாலை’ இருக்கு, வடிஞ்ச தண்ணிக்கு ‘தீநீர்’ இருக்கு, ஓமத் தீநீர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ரோஜாத் தீநீருக்கு பன்னீர்னே பேர் இருக்கு. அப்ப தேக் = வாலைப்பானை. இந்த முறையில இறக்கினது வாலை அத்தர், சும்மா கலக்கி விக்கிறது கலப்பு அத்தர். ஈரம் போறதுக்காக அத்தரை ஊத்தி வைக்கிற தோல் பாத்திரத்தை கன்னோஜ்லயும் ‘குப்பி’ன்னுதான் சொல்றாங்க, நமக்கு குப்பின்னா கண்ணாடி, அதனால தோல்குப்பின்னு போட்டா போதும்.

பட்டியல்ல ‘கரைப்பான்’ இருக்கிற வரியை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைங்க. ஏந்தெண்ணெய்க்கு மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க.