படலக் குளிரூட்டல்: துளைவாயின் வடிவம் பற்றி ஆலோசனை தேவை

வணக்கம். கொழும்பில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு ஆய்வுக்காக, வாயுச்சுழலி (gas turbine) அலகுகளின் (blades) மேற்பரப்பில் துளைகள் வழியே குளிர்காற்றைப் படலமாகப் பரப்பும் முறையைக் கணினியில் உருவகித்து வருகிறேன். 30 பாகை சாய்ந்த உருளைத் துளையில் ஊதுவிகிதம் (குளிர்காற்றின் அடர்த்தி-வேகப் பெருக்கத்துக்கும் வெப்ப வாயுவின் அதே பெருக்கத்துக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 0.5ஐத் தாண்டியதும் குளிர்காற்றுத் தாரை மேற்பரப்பை விட்டு எழும்பிவிடுவதோடு, எதிரெதிராகச் சுழலும் இரு சுழிகள் வெப்ப வாயுவை அதன் அடியில் இழுத்துவிடுகின்றன. விசிறி வடிவ வாய் இதைத் தணிக்கும் என்பது 1970களிலேயே தெரிந்ததுதான். ஆனால் அதைக் குடைவது செலவு மிக்கது. ஆகவே உருளைத் துளைகளை ஆழமற்ற குறுக்குப் பள்ளமொன்றினுள் அமைத்துப் பார்க்க எண்ணுகிறேன், அலகின் மேல் பூசும் வெப்பத்தடைப் பூச்சிலேயே அப்பள்ளத்தை விட்டுவைக்கலாம் என்பது எனக்குப் பெரிய வசதியாகப் படுகிறது.

கொந்தளிப்பு ஓட்டத்தைச் சராசரியாகக் கணிக்கும் கே-எப்சிலன் மாதிரி படலத்தின் பக்கவாட்டுப் பரவலைக் குறைத்தே காட்டுவதால், பள்ள ஆழங்களை ஒப்பிட அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பெரிய சுழிகளை நேரடியாகக் கணிக்கும் பெருஞ்சுழி உருவகத்துக்கு (LES) என் மடிக்கணினி போதாது. அனுபவமுள்ளோர் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.