.308 ரவுண்டு போட்டா போல்ட் மூட மாட்டேங்குது, அவசரம்

மதுரைவீரன்_டெக்சஸ்:
வணக்கம் மக்களே. ரீலோடிங்குக்கு, அதாவது சுட்ட கேஸ்ல (வெத்துக் கூடு) திரும்ப மருந்தும் குண்டும் வெச்சு ரவுண்டு போடறதுக்கு, நான் புதுசு. போன வாரம் .308 ஒரு பெட்டி போட்டேன். ரைபிள்ல வெச்சா பின்பக்கத்தை மூடற போல்ட் முன்னாடி போகுது, ஆனா கைப்பிடி கீழே இறங்க மாட்டேங்குது. கடையில வாங்கின ரவுண்டு வழுக்கிட்டுப் போகுது. புத்தகத்துல இருக்கிறபடிதான் எல்லாம் செஞ்சேன். சனிக்கிழமை பன்றி வேட்டை இருக்கு. உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினா இறங்கிடும் போல. தட்டலாமா?

டல்லாஸ் முருகு:
தட்டாதீங்க!!
ப்ரைமர் (தீ மூட்டற மூடி), பவுடர் (வெடிமருந்து) ரெண்டும் உள்ள இருக்கிற ரவுண்டை வீட்டுக்குள்ள வெச்சு சேம்பர்ல (ரவுண்டு போய் உக்கார்ற இடம்) ஏத்திப் பாக்கிறதே தப்பு. தட்டி இறக்கினா, அப்புறம் போல்ட் திறக்காது. பேரலுக்குள்ள ராடை விட்டுக் குத்தலாமான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் இப்பவே பதில் சொல்லிடறேன்: கூடாது.

இனி விவரம். எந்த ரைபிள்? பிராஸ், அதாவது வெறும் கேஸ், புதுசா, சுட்டதா? சுட்டதுன்னா யார் துப்பாக்கியில சுட்டது? கேஸை அமுக்கி அளவுக்குக் கொண்டு வர்ற அச்சு என்ன டை? கேஸ் நீளத்தை வெட்டி ட்ரிம் பண்ணீங்களா? புல்லட் என்ன?

மதுரைவீரன்_டெக்சஸ்:
சாதாரண போல்ட் ரைபிள்தான் அண்ணே. பிராஸ் ரேஞ்சுல பொறுக்கினது. புல்லட் 168 கிரெயின். பவுடர் மேனுவல்ல இருக்கிற அளவுதான், அதுல பிரச்சினை இல்ல.

வேட்டைக்காரன்_கொங்கு:
ரேஞ்சுல பொறுக்கினதா? அப்ப விஷயம் முடிஞ்சது. ஸ்மால் பேஸ் டை வாங்குங்க. மெஷின் கன்ல சுட்ட பிராஸ் அடிப்பக்கம் உப்பியிருக்கும். சாதாரண சைசிங் டை அதை முழுசா அமுக்காது. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டு கடைசியில ஸ்மால் பேஸ் டை வாங்கின பிறகுதான் நிம்மதி. அடியில எல்.சி.ன்னு அடிச்சிருக்கா பாருங்க. மிசூரி மாநிலம் லேக் சிட்டி ராணுவ ஆலைச் சரக்கு அது.

சான் அன்டோனியோ சிவா:
ஸ்மால் பேஸ் எல்லாம் செமி ஆட்டோவுக்கு. போல்ட் ரைபிளுக்கு முக்காலே மூணுவீசம் பேருக்குத் தேவைப்படாது. இது புல்லட் நீளமா நிக்கிற கேஸ். மொத்த நீளம் 2.810 அங்குலத்தைத் தாண்டுதான்னு காலிப்பர் வெச்சுப் பாருங்க. தாண்டினா புல்லட் மூக்கு பேரலுக்குள்ள இருக்கிற ரைஃபிளிங் வரியில முட்டும், போல்ட் இறங்காது.

மதுரைவீரன்_டெக்சஸ்:
2.800 இருக்கு சார்.

பிராஸ் மாமா:
தம்பி, நான் இந்த வேலையை 1980களில இருந்து பண்றேன். அப்ப யூடியூப் கிடையாது, மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் பிரெஸ்ல கையே வெப்போம். இப்ப ரெண்டு வீடியோ பாத்துட்டு எல்லாரும் நிபுணர். "புத்தகத்துல இருக்கிறபடி செஞ்சேன்"னு சொல்றவங்க ஒருத்தரும் புத்தகத்துல இருக்கிறபடி செஞ்சதில்ல. கேஸ் நீளம் எவ்வளவு? அளந்தீங்களா? .308 கேஸ் 2.015க்கு மேல போகக்கூடாது, ட்ரிம் பண்ணினா 2.005. முருகு முதல்லயே கேட்டாரு, நீங்க பதிலே சொல்லல.

மதுரைவீரன்_டெக்சஸ்:
ட்ரிம்மர் இன்னும் வாங்கல மாமா. அது ரெண்டு மூணு தடவை சுட்ட பிறகுதானே வேணும்? நாலஞ்சு கேஸ் இப்ப அளந்தேன். 2.011ல இருந்து 2.019 வரைக்கும் இருக்கு.

பிராஸ் மாமா:
அடடா.

செல்வி_ஆஸ்டின்:
ஒரு நிமிஷம், எல்லாரும் நிறுத்துங்க. இதுக்கு சுலபமா ஒரு சோதனை இருக்கு, யாரும் சொல்லல.

சைஸ் பண்ணின வெறும் கேஸ் (ப்ரைமர், பவுடர், புல்லட் எதுவும் இல்லாதது) ஒண்ணை ரைபிள்ல வெச்சுப் பாருங்க. அதுவும் போகலைன்னா சைசிங் டைல குறை. டை, கேஸைப் பிடிக்கிற ஷெல் ஹோல்டரை முழுசா தொடாம இருக்கும், இல்லன்னா லூப் (கேஸ்ல பூசற வழவழப்பு) போதாம இருக்கும். கேஸ் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழ சரியற இடம்) பின்னாடி போகாம நின்னிருக்கும். வெறும் கேஸ் போகுது, ரவுண்டு மட்டும் போகலைன்னா சைசிங்கைத் தொடவே வேண்டாம், குறை புல்லட்டை உக்கார வெக்கிற சீட்டிங் டைல.

அடுத்து, பவுடரும் ப்ரைமரும் இல்லாம புல்லட் மட்டும் உக்கார வெச்சு ஒரு டம்மி செய்யுங்க. கறுப்பு மார்க்கரை உடம்பு முழுக்கப் பூசி, காய்ஞ்சதும் சேம்பர்ல மெதுவா தள்ளி எடுங்க. எங்க மை போயிருக்கோ அங்கதான் தட்டுது. கழுத்துலயா, தோள் ஓரத்துலயா, அடியிலயான்னு அதுவே காட்டிக் கொடுத்துடும்.

வேட்டைக்காரன்_கொங்கு:
அடியில போயிருக்கும் பாருங்க. ஸ்மால் பேஸ்.

கோவை_22:
குறுக்கே கேக்கிறதுக்கு மன்னிக்கணும். நான் கோயம்புத்தூர்ல ரைபிள் கிளப்ல சுடறேன். இங்க வீட்டுல இப்படிப் போட முடியுமா? ரவுண்டு விலை தாங்கல.

அருவங்காடு பாலா:
முடியாது தம்பி. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம் 5வது பிரிவு. ரவுண்டு தயாரிக்கிறதுக்கே தனி லைசன்ஸ் வேணும், துப்பாக்கி லைசன்ஸ் அதுக்கு உதவாது. கிளப் வழியா வாங்கிச் சுடறதோட நிறுத்திக்கோங்க. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்குப் போட மத்திய லைசன்ஸ் வேண்டாம், அதனாலதான் இவங்க இவ்வளவு சாவகாசமா பேசறாங்க. எங்க அப்பா அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில இருந்தவர். தீப்பெட்டியை கேட்டுலயே வாங்கி வெச்சிட்டுத்தான் உள்ள விடுவாங்களாம். நான் இங்க கராஜ்ல பவுடர் டப்பாவை வெச்சிருக்கிறதைப் பாத்துட்டு லீவுக்கு வந்தவர் ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரல.

டல்லாஸ் முருகு:
அப்பா சரியாத்தான் பயந்திருக்காரு. எவ்வளவு வெச்சிருக்கீங்க? அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தோட என்எஃப்பிஏ 495 விதிப்படி வீட்டுல ஒரிஜினல் டப்பாவோட 20 பவுண்டு வரைக்கும்தான். அதுக்கு மேல 50 வரைக்கும்னா ஒரு அங்குலக் கனத்துல மரப்பெட்டி வேணும். ப்ரைமர் 10,000. அபார்ட்மெண்ட்னா வீட்டுக்காரர் ஒப்பந்தத்தையும் ஊர் தீயணைப்பு விதியையும் தனியா பாக்கணும்.

மதுரைவீரன்_டெக்சஸ்:
செல்வி அக்கா சொன்னபடி பாத்தேன். சைஸ் பண்ணின வெறும் கேஸ் எல்லாம் போகுது, ஒண்ணே ஒண்ணு மட்டும் கொஞ்சம் இறுக்கம். டம்மியில மார்க்கர் போட்டேன், தோள் ஓரத்துல சுத்தி மை போயிருக்கு. அடியில அப்படியே இருக்கு.

இன்னொண்ணு. பிராஸ் ரொம்ப அழுக்கா இருந்ததால எங்க வீட்டு லாண்டரி ரூம்ல டம்ளர் மெஷின்ல போட்டு உருட்டி மெருகு ஏத்தினேன். அதனால ஏதாவது ஆகியிருக்குமா?

செல்வி_ஆஸ்டின்:
இதுக்கும் டம்ளருக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா லாண்டரி ரூம்லயா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா? ப்ரைமர் வெடிச்ச கரியில ஈயம் இருக்கு. லெட் ஸ்டிஃப்னேட்டுன்னு ஒரு பொருள் பெரும்பாலான ப்ரைமர்ல உண்டு. மக்காச்சோளத் தூள்ல உலர டம்ளர் ஓட்டினா அந்தக் கரி தூசியாகி மூடியைத் திறந்ததும் கிளம்பும். துவைச்ச துணி மேலதான் போய் உக்காரும். வெளிய எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா தண்ணியில ஸ்டீல் ஊசி போட்டு ஓட்டுங்க, தூசியே கிடையாது.

பிராஸ் மாமா:
வந்துட்டாங்க தண்ணிக் கட்சி. ஸ்டீல் ஊசி கேஸ் வாயை அடிச்சு மழுக்கும். ஒரு ஊசி உள்ள மாட்டிக்கிட்டா தெரியாது. ஈரம் போகாம பவுடர் போட்டா அந்த ரவுண்டு பாழ். நாப்பது வருஷமா வால்நட் தூள்லதான் ஓட்டறேன். ட்ரையருக்குப் போடற பழைய ஷீட்டை நாலா கிழிச்சு உள்ள போட்டா தூசி அதுல ஒட்டிக்கும். என் பிராஸ்ல முகம் பாக்கலாம்.

செல்வி_ஆஸ்டின்:
முகம் பாக்கிறதுக்கு கண்ணாடி வாங்கிக்கலாம் மாமா. உங்க ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு எப்பவாவது டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?

பிராஸ் மாமா:
என் ரத்தத்தைப் பத்தி என் டாக்டர் கவலைப்படுவாரு.

சான் அன்டோனியோ சிவா:
சிட்ரிக் ஆசிட் ஒரு சிட்டிகை போட்டா தண்ணி முறையில ஒரு மணி நேரம் போதும். அப்புறம் அடுப்பு ஓவன்ல குறைஞ்ச சூட்டுல காய வெச்சா...

செல்வி_ஆஸ்டின்:
சமைக்கிற ஓவன்ல காய வெக்காதீங்க தயவுசெஞ்சு! வெயில்ல துணி மேல பரப்புங்க, டெக்சஸ்ல வெயிலுக்கா பஞ்சம்.

டல்லாஸ் முருகு:
டம்ளர் சண்டையைத் தனியா வெச்சுக்கோங்க, அவர் ரவுண்டு இன்னும் சரியாகல. மதுரைவீரன், தோள் ஓரத்துல மை போச்சுன்னா ஆள் சிக்கிட்டான். உங்க சீட்டிங் டைக்குள்ளயே கேஸ் வாயைப் புல்லட் மேல இறுக்கற ஒரு கிரிம்ப் வளையம் இருக்கு. ரெண்டு டை செட்ல பெரும்பாலும் அப்படித்தான். டையை ஷெல் ஹோல்டர் வரைக்கும் இறக்கிட்டீங்களா?

மதுரைவீரன்_டெக்சஸ்:
ஆமா. சைசிங் டைக்கு அப்படித்தானே சொன்னாங்க? இதையும் அப்படியே தொட்டு நிக்கிற மாதிரி இறக்கினேன்.

டல்லாஸ் முருகு:
அதேதான். சைசிங் டை தொடணும். சீட்டிங் டை தொடக்கூடாது. உங்க கேஸ் ட்ரிம் பண்ணாம வேற நீளமா இருக்கு. கேஸ் வாய் போய் கிரிம்ப் வளையத்துல முட்டுது, போக இடமில்லாம தோள்பட்டை வெளிய பிதுங்குது. கண்ணுக்குத் தெரியாது. சேம்பருக்குத் தெரியும். 168 மேட்ச் புல்லட்னா பெரும்பாலும் கிரிம்ப் பிடிக்கிற கேனலூர் வரியே இருக்காது, அதுக்கு கிரிம்ப்பே வேண்டாம்.

சரி பண்ற விதம்: சைஸ் பண்ணின வெறும் கேஸை, அதுவும் ட்ரிம் பண்ணினதா, ஹோல்டர்ல வெச்சு பிரெஸ்ஸோட ராம் தண்டை முழுசா மேலே ஏத்துங்க. சீட்டிங் டையைக் கையால இறக்குங்க. கேஸ் வாய் தட்டறது கையில தெரியும். அங்கிருந்து ஒரு முழுச் சுத்து மேலே தூக்கி லாக் ரிங்கை இறுக்குங்க. புல்லட் ஆழத்தை நடுவுல இருக்கிற ஸ்டெம் திருகுல மட்டும் மாத்துங்க. முதல்ல ட்ரிம்மர் வாங்குங்க. 2.019 கேஸ் சேம்பர் கழுத்து முனையில போய் புல்லட்டைக் கவ்விடும், அழுத்தம் எகிறும். அது போல்ட் மூடாததை விட மோசம், ஏன்னா போல்ட் மூடிடும்.

வேட்டைக்காரன்_கொங்கு:
சரி, இந்த கேஸ்ல இல்ல. ஆனா ரேஞ்ச் பிராஸுக்கு ஸ்மால் பேஸ் டை இருந்தா நல்லதுதான்.

பிராஸ் மாமா:
நான் சொன்னேன்ல, ட்ரிம் நீளம்னு. இன்னொரு சந்தேகம். எல்.சி. பிராஸ்னா சுவர் கனம், உள் இடம் குறைவு. ஆரம்ப அளவுல இருந்து ஏறினாரா, நேரா நடு அளவுக்குப் போனாரா? "பவுடர்ல பிரச்சினை இல்ல"ன்னு சொன்னதும் எனக்குப் பக்குன்னுது.

மதுரைவீரன்_டெக்சஸ்:
டையைத் தூக்கி ஒரு டம்மி செஞ்சேன், வழுக்கிட்டுப் போகுது! ரொம்ப நன்றி முருகு அண்ணே, செல்வி அக்கா. ட்ரிம்மர் ஆர்டர் போட்டாச்சு. சனிக்கிழமைக்குக் கடை ரவுண்டு எடுத்துட்டுப் போறேன். என் பெட்டியை என்ன பண்றது? நண்பர் ஒருத்தருக்கும் அரை பெட்டி கொடுத்திருக்கேன், அவரும் .308தான்.

செல்வி_ஆஸ்டின்:
நண்பருக்கு இப்பவே போன் போடுங்க. அவர் ரைபிள் சேம்பர் கொஞ்சம் தாராளமா இருந்தா போல்ட் மூடிடும், சுட்டும் விடுவார். அந்த 2.019 கேஸ் அதுல இருக்கான்னு உங்களுக்கே தெரியாது.

உங்க பெட்டியைச் சுத்தியல் மாதிரி இருக்கிற புல்லர்ல தட்டிப் பிரிக்கலாம், கண்ணாடி போட்டுக்கோங்க. பவுடர் எந்த டப்பாவுலருந்து வந்ததுன்னு சந்தேகம் இருந்தா திரும்ப டப்பாவுல ஊத்தாதீங்க. கேஸைத் திரும்ப சைஸ் பண்ணும்போது ப்ரைமர் உயிரோட இருக்கும், ப்ரைமரைத் தள்ளற டிகேப்பிங் ஊசியைக் கழட்டிட்டு மெதுவா.

அருவங்காடு பாலா:
காசு வாங்கிட்டுக் கொடுத்தீங்களா? விக்கறதுன்னா தயாரிப்பு லைசன்ஸ் வேணும், டைப் 06. சும்மா கொடுத்தாலும் நான் கொடுக்க மாட்டேன். என் ரவுண்டு என் துப்பாக்கியில மட்டும்.

பிராஸ் மாமா:
பவுடர் அளவு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

டல்லாஸ் முருகு:
மதுரைவீரன்? நண்பர்கிட்ட பேசியாச்சா?

சான் அன்டோனியோ சிவா:
ஓவன் விஷயம், நான் சொன்னது பழைய டோஸ்டர் ஓவன். கராஜ்ல தனியா வெச்சிருக்கேன். அது தப்பில்லையே?

செல்வி_ஆஸ்டின்:
அது பரவாயில்ல சிவா. மேல "ஈயம், சாப்பாட்டுக்கு அல்ல"ன்னு எழுதி ஒட்டுங்க.

டல்லாஸ் முருகு:
இன்னிக்கு ஞாயிறு. மதுரைவீரன், அந்த அரை பெட்டி திரும்ப வந்துச்சா?