டிவ்எக்ஸ், ஈஸி-டி வட்டுகளை இன்று ஓட்டிப் பார்க்க வழி உண்டா?

கேள்வி

வணக்கம். பழைய திரைப்பட வட்டுகளைச் சேகரித்து வருகிறேன். அண்மையில் கைக்கு வந்த பெட்டி ஒன்றில் 1998ஆம் ஆண்டின் டிவ்எக்ஸ் வட்டுகள் சிலவும், உறை பிரிக்காத ஈஸி-டி வட்டு ஒன்றும் இருந்தன. என் டிவிடி பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருந்தும் அவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை. கீறல் எதுவும் இல்லை, லென்ஸையும் துடைத்துவிட்டேன். ஈஸி-டி வட்டு, உறையைப் பிரித்தபோதே கருத்திருந்தது. என்ன செய்யலாம்?

பதில் 1

உங்கள் பிளேயரில் உள்ள முத்திரை, பிற்காலத்தில் வந்த காணொளிச் சுருக்க முறை ஒன்றைக் குறிப்பது. அதற்கும் இந்த வட்டுகளுக்கும் தொடர்பே இல்லை. வட்டுகளை வெளியிட்டது, அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனம் ஒரு சட்ட நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து நடத்திய வாடகைத் திட்டம். ஏறத்தாழ 4.50 டாலருக்கு வட்டை வாங்கி, முதன்முதலாக ஓட்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். அதன்பின் பார்க்க வேண்டுமானால் மீண்டும் கட்டணம். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் கவர்ச்சி. வட்டின் நடுத்துளையை ஒட்டி மெல்லிய பட்டைக்கோடுகள் தெரிகின்றனவா? ஒவ்வொரு வட்டுக்கும் உரிய தனி எண் அதில்தான் பதிந்திருக்கிறது. படம் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் (அதாவது, உரிய சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதால்), சாதாரண டிவிடி பிளேயரால் அதை ஓட்ட முடியாது.

பதில் 2

ஈஸி-டி பற்றி மட்டும் சொல்கிறேன். டிஸ்னி 2003இல் சோதனை முறையில் விற்ற இவ்வட்டுகளில், இரு பிளாஸ்டிக் அடுக்குகளை ஒட்டும் பசையிலேயே ஒரு சாயம் கலந்திருந்தது. உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே ஊடுருவ, சிவப்பாக இருந்த வட்டு மெல்லக் கருத்து, சுமார் 48 மணி நேரத்தில் லேசர் ஒளியை விழுங்கிவிடும். உறையும் காற்றை என்றென்றைக்கும் தடுப்பதில்லை. ஆகவே உங்கள் வட்டு உறைக்குள்ளேயே காலாவதியாகிவிட்டது. சாயம் இருப்பது மேற்பரப்பில் அன்று. துடைப்பதாலோ மெருகேற்றுவதாலோ பயனில்லை. பார்த்ததும் குப்பைக்குப் போகும் பொருள் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அப்போதே எதிர்த்தார்கள். என் பார்வையில் அது நியாயமான எதிர்ப்புதான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பழைய டிவ்எக்ஸ் பிளேயர் ஒன்றை விலைக்கு வாங்கித் தொலைபேசி இணைப்பும் கொடுத்தால், அந்த வட்டுகளாவது ஓடுமா?

பதில் 1

ஓடாது ஐயா. அந்தப் பிளேயர், உள்ளே இருக்கும் மோடம் (தொலைபேசி வழியே தகவல் அனுப்பும் கருவி) வழியாக நிறுவனத்தின் மைய கணினியை அழைத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் வகையில் அமைந்தது. திட்டம் 1999 ஜூனில் கைவிடப்பட்டது; ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக 2001 நடுப்பகுதி வரை இயங்கிய சேவையும் பின்னர் நின்றுபோனது. "முழு வேலைநிலையில் உள்ளது" என்று விற்பவர் சொன்னால், சாதாரண டிவிடியை ஓட்டும் என்பதே அதன் பொருள். அந்த அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள்.