மதுரகவி பாஸ்கரதாஸ்: மேடைக்கு எழுதிய பாட்டு எது, படத்துக்கு எழுதியது எது?

மாட்டுங்காவாசி
மாட்டுங்காவில் நண்பர்கள் கூட்டத்தில் பாட்டாசிரியர் பாஸ்கரதாஸைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான, அவர் பாட்டெழுதிய ‘காளிதாஸ்’ எடுத்தது நம் பம்பாயில் என்பதால் அங்கிருந்தே தொடங்க எண்ணம். காளிதாசன் கதைக்குள் காந்தியின் ராட்டையைப் பற்றிய பாட்டு எப்படி வந்தது? படமே இன்று கிடைக்காத நிலையில், எது மேடைப் பாட்டு, எது படத்துக்கென்றே எழுதியது என்று எப்படிப் பிரிப்பது?

செம்பூர் சுருதி
சார், நாடகத்திலிருந்து தொடங்குங்கள். பாஸ்கரதாஸ் (1892–1952) பேசும்படம் வருமுன்பே மேடைக்கு எழுதிப் பேர் வாங்கியவர். ஸ்பெஷல் நாடகத்தில் (பல ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்கென்று சேர்ந்து நடிப்பது) கதை ஒரு பக்கம் ஓடும், தேசியப் பாட்டு ஒரு பக்கம் ஓடும். வள்ளியின் தினைப்புனக் காட்சியிலேயே வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார்கள். கொக்கு யாரென்று கொட்டகைக்கே தெரியும். ‘காளிதாஸ்’ கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி அந்த மேடையில் வளர்ந்தவர். பழக்கம் அப்படியே காமிராவுக்கு முன்னால் வந்துவிட்டது. அதே படத்தில் தியாகராஜர் கீர்த்தனையும் உண்டே!

பிரிப்பதற்குப் பாட்டுப் புத்தகம்தான் வழி. பாட்டின் தலைப்பில் ராகம், தாளம், இன்ன பாட்டின் வர்ணமெட்டு (அதாவது அந்தப் பாட்டின் மெட்டில் பாட வேண்டியது) என்று அச்சிட்டிருப்பார்கள். மெட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து வந்த ஒரே மெட்டுக்குப் பலர் சொல் கட்டியிருப்பார்கள். படம் வெளிவந்த 31-10-1931-க்கு முன் அச்சான புத்தகத்தில் அதே வரிகள் இருந்தால் அது மேடைப் பாட்டு. அவருடைய நாட்குறிப்புகள் நூலாக வந்திருக்கின்றன, கட்டாயம் பாருங்கள்.

பழையதட்டு
பம்பாயில் பேசுகிறீர்கள், ஒலிப்பதிவை விட்டுவிடாதீர்கள். ‘காளிதாஸ்’ எடுத்த இம்பீரியல் ஸ்டுடியோ ரயில் பாதையோரம் இருந்தது. இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை அங்கேதான் ரயில் ஓடாத பின்னிரவில் எடுத்தார்கள். நடிப்பவரே பாட வேண்டும். ஆர்மோனியமும் தபலாவும் காமிராவுக்கு மறைவில். படமும் ஒலியும் ஒரே நெகட்டிவில் பதியும் முறை அது. ஒரு பிரேமுக்கு உரிய ஒலி சுமார் 20 பிரேம் தள்ளி இருக்கும், அதாவது முக்கால் விநாடிக்கு மேல். நடுவில் வெட்டினால் உதடு ஓரிடத்திலும் சொல் வேறிடத்திலும் அறுபடும். அதனால் கடைசிச் சரணத்தில் நாக்குக் குழறினாலும் பல்லவியிலிருந்து மறுபடி பாட வேண்டியதுதான். மேடையில் நூறு தடவை பாடிப் பழகிய பாட்டு ஏன் படத்துக்குள் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

மாட்டுங்காவாசி
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்தக் காலக் கிராமபோன் தட்டு ஒன்றிரண்டு போட்டுக் காட்டலாமா?

பழையதட்டு
தாராளமாக. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் அடங்கும். சரணம் குறைந்திருக்கும், அதுவே முழுப் பாட்டு என்று சொல்லிவிடாதீர்கள். வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதில் 80 சுற்றினால் மூன்று நிமிடப் பாட்டு நாலரை விநாடி முன்னதாக முடியும், சுருதி அரைக் கட்டையில் ஏறக்குறையப் பாதி ஏறிவிடும். ராகம் மாறாது. பாடியவர் இன்ன கட்டையில் பாடினார் என்று சொல்லப்போனால் மட்டும் தப்பாகிவிடும்.