புதுப்பிப்பு: வேலையை விட்டு எட்டு மாதம், யாரோடு பொழுது போகிறது?

ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்துவிட்டேன், சம்பளம் இல்லாமலே வாழ அது போதும் என்ற கணக்கை நம்பி வேலையை விடுகிறேன், இனி ஆபீஸ் நண்பர்களை நிதானமாகப் பார்க்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பார்த்தது இரண்டே முறை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு யார் வருவார்கள்?

அந்த நேரத்துக்குக் கிடைப்பவர் அப்பாதான். அவரோடு வங்கிக்குப் போகிறேன். பாஸ்புக் மெஷின் கரகரவென்று அச்சடித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்போதுதான் அவருடைய முதல் சம்பளக் கதை வரும். எனக்கு 46 வயது, இப்போதுதான் கேட்கிறேன்.



25 மடங்கு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அது அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரச் சந்தைகளை வைத்து, பணம் 30 வருஷம் தாங்குமா என்று போட்ட கணக்கு. எனக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம், பயம்தான். அதனால் மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். புது நண்பர்கள் எல்லாம் பத்தாம் வகுப்பு.