இரண்டாவது சிலிண்டர்

குழு: சின்னியம்பாளையம் குடும்பம்

சனிக்கிழமை

காலை 7:05
நான்: நேற்று வால்பாறை ஏறும்போது காரில் மஞ்சள் இன்ஜின் லைட் வந்துவிட்டது. முதலில் விட்டுவிட்டு மின்னியது, அப்புறம் நிலையாக எரிந்தது. 9வது கொண்டை ஊசி வளைவோடு திரும்பி இறங்கிவிட்டோம். இன்று காலையில் வாசலில் சும்மா ஸ்டார்ட் செய்தாலே மாவு மில் மாதிரி அதிர்கிறது.

7:09
பெரியப்பா: பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டு. லைட் போயிடும்.

7:14
செந்தில் அண்ணா: லைட் போகும் பெரியப்பா, கோளாறு போகாது. கம்ப்யூட்டர் எழுதி வைத்திருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும். செல்வி, எதிலும் கை வைக்காதே. லைட் மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்த ஒரு சாமான் போனால் செலவு உன் சம்பளத்தைத் தின்னும். நீ திரும்பியது நல்ல காரியம்.

7:16
நான்: பக்கத்து மெக்கானிக் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு நாலு காயில், நாலு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங் என்று 14,000 சொல்கிறார் அண்ணா.

7:17
செந்தில் அண்ணா: ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்க ஒரு இன்ஜெக்டர், பொறி போட ஒரு பிளக், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு காயில். இந்த மூன்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கலாம். மூன்றும் கெட்டிருக்காது. பத்து மணிக்கு, கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரோடு வருகிறேன்.

7:20
சாந்தி அத்தை: அப்பத்தா சொல்லச் சொன்னாங்க, போன வாரம் காருக்குள் உட்கார்ந்தபோது எலி நாத்தம் அடிச்சுதாம்.

7:21
கவின்: 😂😂

7:22
பெரியப்பா: அது உன் ஷூ நாத்தம்டா.

10:31
கவின்: அண்ணன் வந்தாச்சு. ஸ்டியரிங்குக்குக் கீழே கவிழ்ந்து படுத்து ஒரு சாக்கெட்டைத் தேடுகிறார். இவ்வளவு நாள் அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

10:38
செந்தில் அண்ணா: 16 பின் சாக்கெட். நம் நாட்டில் பிஎஸ்-4 (புகை விதி) கார்களுக்கு 2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி-2 கட்டாயம், அதாவது கார் தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஏற்பாடு. இது 2016 வண்டி, பிரச்சினையே இல்லை. வந்த கோளாறு கோட்: பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

10:39
பெரியப்பா: அவ்வளவுதானே? இரண்டாவது காயிலை மாத்து, வேலை முடிஞ்சது.

10:43
செந்தில் அண்ணா: அங்கேதான் எல்லாரும் காசை விடுகிறார்கள் பெரியப்பா. கோட் சொல்வது "இரண்டாவது சிலிண்டரில் சரியாக எரியவில்லை" என்று மட்டும். எதனால் என்று சொல்லாது. காயிலாக இருக்கலாம், பிளக், இன்ஜெக்டர், வயர், உள்ளே கம்ப்ரஷன் (அழுத்தம்) குறைவு, எதுவும் இருக்கலாம். கோடோடு ஒரு பதிவும் இருக்கிறது, ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோளாறு பதிவான அந்த நிமிஷத்தில் வண்டி எப்படி இருந்தது என்று: 1,560 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்று), வேகம் 22, தண்ணீர் சூடு 91 டிகிரி, இன்ஜின் லோட் (சுமை) 78 சதவீதம். செல்வி, இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தாயா?

10:44
நான்: ஆமாம்! முன்னால் பஸ். அதெல்லாமா எழுதி வைத்திருக்கிறது?

10:45
செந்தில் அண்ணா: பேட்டரியைக் கழற்றியிருந்தால் இது போயிருக்கும். அதற்குத்தான் சொன்னேன். கோட், இந்தப் பதிவு இரண்டையும் போட்டோ எடுத்துவிட்டேன். இனி அழித்தாலும் பரவாயில்லை.

10:47
கவின்: என் பிரண்ட் 700 ரூபாய்க்கு ப்ளூடூத் டாங்கிள் வாங்கியிருக்கிறான். உங்களுடையது எதற்கு அவ்வளவு பெரிசு?

10:52
செந்தில் அண்ணா: கோட் படிக்க அது போதும். பெரும்பாலும் இன்ஜினோடு மட்டும்தான் பேசும். இதில் ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக், பாடி எல்லாவற்றோடும் பேசலாம், அதோடு திரும்ப வேலையும் வாங்கலாம். ரேடியேட்டர் ஃபேனை ஓடச் சொன்னால் ஓடும். இப்போது பார், ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்துகிறேன். நீ ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டரைப் பார்த்துச் சொல்லு.

10:58
கவின்: 1ஐ நிறுத்தினால் ஆர்பிஎம் விழுகிறது, நடுக்கம் கூடுகிறது. 3, 4 அதே கதை. 2ஐ நிறுத்தினால் ஒன்றுமே ஆகவில்லை!

10:59
செந்தில் அண்ணா: வேலை செய்யாத ஆளுக்கு லீவு கொடுத்தால் ஆபீசுக்கு என்ன தெரியும்? இன்ஜின் ஆறட்டும். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். அதுவரை டீ.

11:50
நான்: டீயோடு அரிசி முறுக்கும் தீர்ந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணவில்லை என்று இருபது நிமிஷம் தேடினோம். அண்ணன் பாக்கெட்டில் இருந்தது.

12:20
செந்தில் அண்ணா: 2வது காயிலை 3க்கும், 3ஐ 2க்கும் மாற்றி மாட்டினேன். கோடை அழித்து ஓடவிட்டால் மறுபடி பி0302. காயில் கெட்டிருந்தால் கோடும் கூடவே போய் பி0303 ஆகியிருக்கும். ஆகவே காயில் நல்லது. ஒரு ரூபாய் செலவில்லாமல் நாலு காயில் மிச்சம்.

12:22
பெரியப்பா: அப்போ பிளக்.

12:35
செந்தில் அண்ணா: பிளக்கைப் பாருங்கள், போட்டோ போட்டிருக்கிறேன். மற்ற மூன்றும் பிஸ்கட் நிறத்தில் காய்ந்திருக்கின்றன. 2வது ஈரம், பெட்ரோல் வாசனை. அப்படியென்றால் பெட்ரோல் வந்து சேர்கிறது, இன்ஜெக்டர் கிளீனிங் பேச்சே இல்லை. நெருப்புதான் வரவில்லை. இதையும் 3வது பிளக்கோடு மாற்றிப் பார்த்தேன். இன்னும் 2தான்.

12:36
கவின்: காயிலும் இல்லை, பிளக்கும் இல்லை. பேயா?

12:58
நான்: (போட்டோ)
நான்: (போட்டோ)

12:59
சாந்தி அத்தை: அது என்ன வெள்ளையா? தேங்காய்ச் சில்லா?

1:01
நான்: ஆமாம் அத்தை. இன்ஜினுக்குப் பின்னால் ஒரு கை அளவு. கூடவே நம்ம வீட்டு மிதியடி நார், அப்பாவின் பழைய மின்கட்டண ரசீது. காயிலுக்குப் போகும் வயரில் மேல் ரப்பர் முழுக்கக் கடித்துப் போயிருக்கிறது. உள்ளே செம்பு ஒரு நூல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1:02
சாந்தி அத்தை: அப்பத்தாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

1:03
அப்பத்தா (சாந்தி அத்தை போனில், குரல் செய்தி, 0:06): நாஞ்சொன்னேனல்ல.

1:05
பெரியப்பா: 🙏

1:10
செந்தில் அண்ணா: நியாயமாக முதலில் டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும், அப்பத்தா சொன்னபோதே. காயில் லைன் அறுந்தால் சில வண்டிகளில் பி0352 என்று தனியாக ஒரு கோட் வரும். அது வராததால் வயர் நல்லது என்று நினைத்துவிட்டேன். ஸ்கேனர் கையில் இருந்தால் கண் சோம்பேறியாகிவிடுகிறது.

3:40
நான்: அண்ணன் பேட்டரியைக் கழற்றிவிட்டு வயரைச் சால்டர் வைத்து ஒட்டி, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி, மேலே சுருள் பைப்பும் மாட்டினார். ஸ்டார்ட் செய்தால் நடுக்கமே இல்லை. சூலூர் வரை போய் வந்தோம், லைட் வரவில்லை. மிஸ்ஃபயர் எண்ணிக்கை நாலு சிலிண்டரிலும் 0. மொத்தச் செலவு 140 ரூபாய், அதில் 60 முறுக்கு.

3:44
கவின்: அண்ணா, ஸ்கேனரை இன்று ராத்திரி என்னிடம் விட்டுப் போங்கள். ஏர்பேக் மெனுவைக் கொஞ்சம் பார்க்கிறேன்.

3:45
செந்தில் அண்ணா: கோட் படிக்கலாம். அதைத் தாண்டி ஏர்பேக்கில் எதையும் தொடாதே, அதன் மஞ்சள் கனெக்டரைக் கழற்றவே கழற்றாதே. அது முகத்தில் வெடித்து வெளியே வரும் சாமான். ராத்திரி சாக்கெட்டிலேயே விட்டுவிடவும் கூடாது. அந்த 16வது பின்னில் சாவி எடுத்தாலும் கரண்ட் இருக்கும், பழைய பேட்டரியை மெல்லக் குடித்துவிடும்.

3:50
பெரியப்பா: செந்திலு, அதில் கிலோமீட்டரைக் குறைக்கலாமா? சும்மா கேட்டேன்.

3:51
செந்தில் அண்ணா: அதற்குப் பெயர் மோசடி பெரியப்பா.

3:53
பெரியப்பா: சரி சரி. என் டீசல் வண்டியிலும் நாலு நாளாக ஒரு லைட். சைலன்சர் படம் போட்டு உள்ளே புள்ளி புள்ளியாக.

3:58
செந்தில் அண்ணா: டிபிஎஃப். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். நீங்கள் தினமும் மார்க்கெட் வரை இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறீர்கள், அது சூடாகவே நேரமில்லை. கரி எரிய உள்ளே 600 டிகிரி பக்கம் வர வேண்டும். ஸ்கேனரில் நின்ற இடத்திலேயே எரிக்க வைக்கலாம், ஆனால் அது கடைசி வழி. உங்கள் வாசல் முழுக்கக் காய்ந்த தென்னை மட்டை, அங்கே வைத்து நான் செய்ய மாட்டேன். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை எடுக்காமல் எனக்குப் போன் செய்யுங்கள். சரியாக இருந்தால் பைபாசில் அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள், நடுவில் ஆஃப் செய்யாமல். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

4:02
பெரியப்பா: அப்போ நாளைக்குக் காலையில் அவினாசி போய் வருகிறேன்.

4:03
சாந்தி அத்தை: அவினாசியா? கோயிலுக்கு நானும் வருகிறேன். அப்பத்தாவும் கிளம்பிட்டாங்க.

4:04
செந்தில் அண்ணா: நடுவில் டீக்கு நிறுத்தக் கூடாது அத்தை.

4:05
சாந்தி அத்தை: பிளாஸ்கில் எடுத்துக்கறேன். திரும்பும்போது எலிப்பொறி வாங்கணுமாம், செல்வி வண்டிக்கு.