புத்தாண்டில் உடம்பையும் மனசையும் வருத்தாமல் கவனிப்பது எப்படி?

கேள்வி:
போன ஜனவரி 1 அன்று ஒரே மூச்சில் ஐந்து தீர்மானம் எடுத்தேன். மூன்றாவது வாரமே எல்லாம் நின்றுபோய், மனசு பாரமானதுதான் மிச்சம். இந்த முறை எங்கே தொடங்கலாம்?

பதில் 1:
தூக்கத்தில் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். நான் செய்தது ஒன்றுதான்: கைபேசி சார்ஜரைக் கட்டிலருகிலிருந்து கழற்றிச் சமையலறையில் மாட்டினேன். முதல் இரண்டு இரவும் கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவியது. அப்புறம் பழகிவிட்டது.

பதில் 2:
வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலைக்காதீர்கள், 5 நாள் அரை மணி நடைதான். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். மனசு பாரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள், தயங்க வேண்டாம்.

கேட்டவர்:
சரி, இன்றிரவே சார்ஜரை மாற்றுகிறேன். நன்றி.